யானை டவல் ஸ்டாண்டு: ஆடினால், துருப்பிடித்தால், நாறினால் என்ன செய்வது?

குழந்தைகள் உள்ள வீட்டுக் குளியலறையில் ஆளுக்கொரு யானை முகம், அதன் தும்பிக்கையில் ஆளுக்கொரு துண்டு என்று பலகை செய்து மாட்டுவது பெரிய வித்தை இல்லை. வெட்டி ஒட்ட ஒரு நாள், பெயிண்ட் காய ஒரு வாரம். அது வருஷக்கணக்கில் நிற்குமா, முதல் மழைக்காலத்திலேயே கையோடு வருமா என்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பொறுத்தது. டைல்ஸுக்குப் பின்னால் ஸ்க்ரூ எதைப் பிடித்திருக்கிறது, பலகைக்குப் பின்னால் ஈரம் எங்கே தங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துண்டின் எடையை மட்டும் கணக்கில் வைத்துச் செய்வது அடிப்படைப் பிழை. தும்பிக்கையைக் கண்டால் பிள்ளை தொங்கும். தொங்கத் தோன்றும்படிதான் அதைச் செய்கிறோம். அதனால் ஒரு பிள்ளையின் எடையைத் தாங்கும்படியே எல்லா அளவும் இருக்க வேண்டும்.

இங்கே பேசும் ஸ்டாண்டின் அமைப்பு இது. பின்பலகை 900 மி.மீ. நீளம், 180 மி.மீ. உயரம், 18 மி.மீ. தடிமன். அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட்டில் ஜிக்சாவால் வெட்டிய நான்கு யானை முகங்கள். முகத்தையும் பின்பலகையையும் சேர்த்துத் துளைத்து, 25 மி.மீ. குறுக்களவுள்ள தேக்கு உருளை ஒன்று தும்பிக்கையாக 80 மி.மீ. வெளியே நீண்டிருக்கும். தும்பிக்கைக்கும் தும்பிக்கைக்கும் 220 மி.மீ. இடைவெளி. மேலே மூன்று, கீழே இரண்டு ஸ்க்ரூக்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே 120 மி.மீ. ஒவ்வொரு ஸ்க்ரூவின் பின்னாலும் 5 மி.மீ. தடிமனில் ஒரு நைலான் வாஷர், பலகை டைல்ஸைத் தொடாமல் நிற்க. பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ரகமாக இருக்கட்டும். எம்ஆர் என்று அச்சிட்ட சாதா பிளைவுட் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது.

பலகை சுவரை விட்டு ஆடுகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். மேல் வரிசையில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றிப் பாருங்கள். காரணம் கையிலேயே தெரிந்துவிடும்.

ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் அடித்த நைலான் பிளக்கும் சேர்ந்து வெளியே வந்தால், பிளக் செங்கலைப் பிடிக்கவே இல்லை. டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் கலவை 15 மி.மீ. அல்லது அதற்கும் மேல். 40 மி.மீ. பிளக்கை டைல்ஸ் முகத்தோடு சமமாக அடித்தால், அதில் பாதிக்கு மேல் டைல்ஸிலும் கலவையிலும்தான் உட்கார்ந்திருக்கும். மீதி 17 மி.மீ. மட்டும் செங்கலில். பிளக் முழுவதும் செங்கலுக்குள் போக வேண்டும். ஸ்க்ரூவின் நீளத்தையும் இப்படியே கூட்டிக்கொள்ளலாம்: பலகை 18, வாஷர் 5, டைல்ஸ் 8, கலவை 15, செங்கல் 40. மொத்தம் 86. ஆக 90 மி.மீ., அதாவது மூன்றரை அங்குல ஸ்க்ரூ, 5 மி.மீ. தடிமனில். கடையில் பிளக்கோடு சேர்த்துத் தரும் ஒன்றரை அங்குல ஸ்க்ரூ படம் மாட்டத்தான் சரி.

திருத்தும் முறை: 8 மி.மீ. பிட்டில் முனையிலிருந்து 70 மி.மீ. தள்ளி ஒரு டேப் சுற்றுங்கள். பழைய துளையை அந்த ஆழம் வரை நீட்டுங்கள். உள்ளே இருக்கும் தூளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலோ சைக்கிள் பம்பாலோ சுத்தமாக வெளியேற்றுங்கள்; தூளோடு பிளக் போனால் வழுக்கும். பிளக்கின் வாயில் ஸ்க்ரூவை இரண்டு சுற்று முறுக்கி, ஸ்க்ரூ தலையை மெதுவாகத் தட்டினால் பிளக் டைல்ஸையும் கலவையையும் தாண்டி உள்ளே போகும். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை வைத்து முறுக்கலாம்.

பிளக் துளையிலேயே சுழன்றால் துளை பெரிதாகிவிட்டது. ஹேமர் டிரில்லை இரண்டு கையாலும் பிடிக்காமல் ஆட்டியபடி துளைத்தால் 8 மி.மீ. துளை 9, 10 ஆகிவிடும். பழைய செங்கல் உதிர்ந்தாலும் இதே கதிதான். தீக்குச்சி செருகுவது பழக்கத்தில் இருக்கிறது. ஈரம் படும் சுவரில் அது ஊறி, பிறகு சுருங்கி விட்டுவிடும். சரியான வழி 10 மி.மீ. பிட், 10 மி.மீ. பிளக், 6 மி.மீ. ஸ்க்ரூ. அதுவும் உதிர்ந்தால், இரண்டு டியூப்பிலிருந்து கலக்கும் எபாக்ஸி பசையைத் துளையில் நிரப்பி, பிளக்கை அதற்குள் அழுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

பிளக் இறுகி நிற்கிறது, ஸ்க்ரூவும் நேராக இருக்கிறது, ஆனாலும் பலகை மேலே விலகுகிறது என்றால் பலகையின் உயரம் போதாது. 18 கிலோ பிள்ளை, சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளித் தும்பிக்கையில் தொங்குகிறது என்று வையுங்கள். இரண்டு வரிசைக்கும் 120 மி.மீ. இடைவெளி இருந்தால் மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மொத்தம் 15 கிலோ. அதே பிள்ளை, 75 மி.மீ. உயரப் பட்டையில் நடுவே ஒரே வரிசை ஸ்க்ரூ போட்ட ஸ்டாண்டில் தொங்கினால் 48 கிலோ. ஆடித் தொங்கினால் இது இரண்டு, மூன்று மடங்காகும். ஒல்லியான பட்டையில் அழகாகச் செய்தவை சீக்கிரம் விழுவதன் ரகசியம் இவ்வளவுதான். ஸ்க்ரூ எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பின்னால் 180 மி.மீ. உயரப் பலகை ஒன்றைச் சேர்ப்பதே பயன் தரும்.

ஹாலோ பிளாக் சுவரில் பிட் திடீரென்று 'பொதுக்' என்று உள்ளே போகும். அங்கே சாதா பிளக்குக்குப் பிடிமானம் கிடையாது. ஏஏசி எனப்படும் இலேசான வெள்ளைக் கல்லில் ஹேமர் போடவே கூடாது. துளை மாவாக உதிரும். இரண்டுக்கும் தனித்தனி பிளக் கிடைக்கிறது. சுவர் எதுவென்று சொல்லியே கடையில் கேளுங்கள்.

துளை போடும்போதே டைல்ஸ் விரிசல் விடுகிறது

ஹேமர் ஓடிக்கொண்டிருக்கும் போது பிட் டைல்ஸைத் தொட்டதுதான் காரணம். டைல்ஸ் தாண்டும்வரை ஹேமரை அணைத்து, வெறும் சுழற்சியில், குறைந்த வேகத்தில் போக வேண்டும். கலவை தட்டுப்பட்ட பிறகே ஹேமர். குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பிட் வழுக்காது. சாதா செராமிக் டைல்ஸ் புதிய கான்கிரீட் பிட்டுக்கே வழிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ் விடாது. ஈட்டி முனையுள்ள டைல்ஸ் பிட்டோ வைரத் தூள் பதித்த பிட்டோ வேண்டும். வைர பிட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பஞ்சால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும், ஆனால் டிரில் மோட்டாரின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. டைல்ஸின் ஓரத்திலிருந்து குறைந்தது 25 மி.மீ. உள்ளே தள்ளித் துளையுங்கள்.

துளைக்கும்போது விரியாமல், ஸ்க்ரூவை முறுக்கும்போது விரிந்தால் காரணம் வேறு. ஒன்று, பிளக்கின் வாய் டைல்ஸுக்குள்ளேயே நின்று, விரியும்போது டைல்ஸைப் பிளக்கிறது. இன்னொன்று, டைல்ஸுக்குப் பின்னால் கலவையே இல்லை. துளைக்கும் முன் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். திடமான 'டக்' வந்தால் சரி. 'டொக் டொக்' என்று கூடு போல ஒலித்தால் அந்த டைல்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்து ஸ்க்ரூவும் ஒரே டைல்ஸில் விழ வேண்டியதில்லை.

துளையிலிருந்து தண்ணீர் வருகிறது, அல்லது மெயின் விழுந்துவிட்டது

தண்ணீர் வந்தால் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். ஓட்டையை இப்போது அடைத்து நிற்பது அதுதான். முதலில் குளியலறை கேட் வால்வையும் மாடித் தொட்டி வால்வையும் மூடி, குழாய்களைத் திறந்து லைனைக் காலி செய்யுங்கள். அதன்பின் பிளம்பர் ஒரு டைல்ஸை எடுத்து, அடிபட்ட சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை வெட்டி, கப்ளர் வைத்து ஒட்டுவார். சிலிக்கானோ எம்சீலோ பூசி மூடினால் அழுத்தம் உள்ள குழாயில் நிற்காது; சுவருக்குள் ரகசியமாகக் கசியும்.

துளைக்கும்போது மின்பலகையில் ஆர்சிசிபியோ எம்சிபியோ (தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) விழுந்தால் பிட் மின்கம்பியைத் தொட்டிருக்கலாம். மறுபடி மேலே தள்ளிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டிரில்லையும் ஸ்க்ரூவையும் தொடாமல், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஈரமான அறையில் உலோக ஸ்க்ரூ கம்பியைத் தொட்டு நிற்பது உயிருக்கு ஆபத்து.

இரண்டையும் தவிர்க்க இடத் தேர்வு போதும். குழாய், ஷவர், மிக்சர், கெய்சர் பாயின்ட், சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் நேர் மேலும் கீழும், இருபுறமும் 15 செ.மீ. அகலத்தைத் தொடாதீர்கள். மிக்சரிலிருந்து ஷவருக்கும், கெய்சரிலிருந்து மிக்சருக்கும் போகும் வழியும் அப்படியே. விலை குறைந்த உலோகம் காட்டும் கருவிகள் பிளாஸ்டிக் குழாயைக் காட்டாது. கதவு உள்ள சுவர் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் ஓடாத சுவர். ஷவர் சாரலும் அங்கே எட்டாது. யானைகளுக்கு அதைவிட நல்ல இடமில்லை.

படுக்கையறைப் பக்கச் சுவரில் ஓதம்

ஸ்டாண்டு மாட்டிய சில வாரத்தில் மறுபக்கம் பெயிண்ட் உப்பினால், ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா, குழாய் கசிகிறதா என்று பிரித்தறிய வேண்டும். அந்தக் குளியலறையின் வால்வை மட்டும் இரண்டு நாள் மூடி, வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் குளியுங்கள். ஓதம் காயத் தொடங்கினால் குழாயில்தான் கோளாறு. குழாய் மூடியும் ஈரம் தொடர்ந்தால் துளைகளைச் சந்தேகியுங்கள்: ஸ்க்ரூக்களைக் கழற்றி, துளைகளை இரண்டு நாள் உலரவிட்டு, பிளக்கின் வாயில் சிலிக்கானைப் பட்டாணி அளவு வைத்து, அதன் வழியே ஸ்க்ரூவை முறுக்குங்கள். வழியும் சிலிக்கான் டைல்ஸுக்கும் வாஷருக்கும் இடையே ஒட்டிக்கொள்ளும். பலகையின் நாலா பக்கமும் சிலிக்கான் இழுத்து அடைப்பவர்கள் உண்டு. வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகை பின்பக்கமாக அழுகும்.

தும்பிக்கை சுழல்கிறது, கழன்று வருகிறது

துளைக்குள் பெயிண்டோ வார்னிஷோ இருந்தால் பசை மரத்தைப் பிடிக்காது. தும்பிக்கையை உருவி, துளையையும் உருளையின் அடியையும் 80 எண் உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேயுங்கள். தண்ணீர் தாங்கும் மரப்பசையையே பூச வேண்டும். சாதா வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடி இளகும். துளை தளர்வாக இருந்தால் பசை மட்டும் போதாது. ஆசாரிமார் செய்வதுபோல ஆப்பு வைக்கலாம்: உருளையின் பின்முனையில் ரம்பத்தால் 20 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு வெட்டி, முன்பக்கத்திலிருந்து செருகி, பின்பக்கத்தில் பிளவுக்குள் பசை தடவிய ஒரு மெல்லிய தேக்கு ஆப்பை அடித்து இறக்குங்கள். பின்முனை விரிந்து துளையை நிறைக்கும். துருத்தும் ஆப்பைச் சீவி, பின்பலகையோடு சமமாக்கிப் பெயிண்ட் பூசுங்கள். ஆப்பு வைத்த தும்பிக்கை பசை தோற்றாலும் கையோடு வராது.

நேர் உருளைக்குப் பதிலாக வளைந்த தும்பிக்கை வேண்டும் என்று பலகையில் வரைந்து வெட்டினால், வளைவில் ஒடியும். மரத்தின் இழை நேராக ஓடுகிறது, தும்பிக்கை வளைகிறது. வளையும் இடத்தில் இழை குறுக்காக வந்து, ஒரு விரல் நீள மரமே எடையைத் தாங்குகிறது. பசை போட்டு ஒட்டினாலும் அதே இடத்தில் மறுபடி ஒடியும். இதற்கு அருமையான பொருள் ஊரிலேயே இருக்கிறது. உண்டிவில்லுக்கு வெட்டும் கொய்யாக் கவை. அதில் இழையே வளைவோடு சேர்ந்து ஓடுவதால் பிளக்காது. கட்டைவிரலைவிடத் தடித்த கவையாகப் பார்த்து வெட்டி, பட்டை உரித்து, நிழலில் ஒன்றிரண்டு மாதம் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் முனையிலிருந்து வெடிக்கும். உலராத கிளையை அப்படியே பொருத்தினால் சுருங்கித் துளையை விட்டுவிடும். நான்கு கவையும் நான்கு விதமாக வளைந்திருக்கும். யானைகளுக்கு அது தனி அழகு.

துண்டு வழுக்கிக் கீழே விழுகிறது

தும்பிக்கை கிடைமட்டமாக இருக்கிறது, அல்லது எனாமல் பளபளப்பில் வழுக்குகிறது. உருளைத் துளையைப் போடும்போதே 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துத் துளைக்க வேண்டும். ஏற்கெனவே செய்துவிட்டால் முனையில் 40 மி.மீ. மர உருண்டை ஒன்றை ஸ்க்ரூவும் பசையும் போட்டுப் பொருத்துங்கள். துண்டு நிற்கும், பிள்ளையின் முகம் மோதினாலும் கூர்முனை குத்தாது.

துண்டில் பழுப்புக் கறை

கறை ஸ்க்ரூ இருக்கும் உயரத்தில் புள்ளியாக இருந்தால் துரு. இரும்பு ஸ்க்ரூவுக்கு மஞ்சள் பூச்சு இருந்தாலும் குளியலறையில் சில மாதம்தான் தாங்கும். எவர்சில்வர் என்று வாங்கியதே துருப்பிடித்தால் அது 202 போன்ற மலிவு ரகமாக இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. 202, 304 இரண்டும் காந்தத்தை அநேகமாக ஒட்டவிடாது. 304 என்று பெட்டியில் குறித்ததை வாங்குங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு 316 நல்லது.

304-ம் துருப்பிடிக்க ஒரு காரணம் உண்டு: தரை கழுவும் ஆசிட். அதன் ஆவியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஜன்னலை மூடிவிட்டு ஆசிட் ஊற்றிக் கழுவினால், ஆவி மேலே எழுந்து எவர்சில்வர் மேல் படிந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆசிட் போட்ட நாளில் ஸ்க்ரூ தலைகளையும், துண்டு போடும் எவர்சில்வர் கம்பி இருந்தால் அதையும் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். ஸ்க்ரூ தலையை 3 மி.மீ. உள்ளிறக்கி, மேலே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் துண்டு அதைத் தொடவே தொடாது. யானையின் கண் ஸ்க்ரூ தலைக்கு மேல் வரும்படி வரைந்துகொண்டால் மறைத்ததும் தெரியாது.

துணியில் ஏறிய துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். ப்ளீச் போடாதீர்கள், துரு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

கறை தும்பிக்கை பட்ட இடம் முழுக்கப் பரவலாக இருந்தால் துரு இல்லை, தேக்கின் சாயம். புதுத் தேக்கு ஈரத்துணியில் பழுப்பாக இறங்கும். உருளையை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, பியூ க்ளியர் (நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு) மூன்று கை பூசினால் நிற்கும். மரத்தில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருக்கின்றன. இரும்பு ஸ்க்ரூவை மாற்றாமல் மேலே என்ன பூசினாலும் வளையம் மறுபடி வரும்.

பெயிண்ட் கொப்பளிக்கிறது, பலகையின் ஓரம் ஊதுகிறது

கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால், ஈரமான மரத்தின்மேல் பெயிண்ட் ஏறியிருக்கிறது அல்லது பிரைமர் பூசவில்லை. அடியில் பழைய பெயிண்ட் தெரிந்தால், அதை உப்புத்தாள் போடாமல் மேலே பூசியிருக்கிறார்கள். இரண்டுக்கும் உரித்து, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் காயவைத்து, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பிளைவுட்டின் முகம் தண்ணீரைத் தடுக்கும். வெட்டிய ஓரம் உறிஞ்சும். யானைக் காது மாதிரி வளைவாக வெட்டும்போது ஓரத்தின் நீளம் கூடுகிறது, உறிஞ்சும் வாயும் கூடுகிறது. ஓரத்தை 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, முதல் கை பிரைமரில் டர்பெண்டைன் சற்றுக் கூடுதலாகக் கலந்து இளக்கிப் பூசுங்கள். அது இழைக்குள் இறங்கும். மேலும் இரண்டு கை இளக்காமல். பின்பலகையின் மேல் விளிம்பைச் சற்று முன்பக்கம் சரிவாகச் சீவிவிட்டால் தண்ணீர் நிற்காமல் வழியும். பின்பக்கமும் முன்பக்கம் போலவே முழுப் பூச்சு வாங்க வேண்டும். பின்னால் பூசாத பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும்.

ஓரம் ஏற்கெனவே ஊதி, அடுக்குகள் பிரிந்திருந்தால் அந்தப் பலகையைக் காப்பாற்ற முயல வேண்டாம். இரண்டு அங்குலம் உள்ளே வரை ஊறியிருக்கும். பிள்ளை தொங்கும் பலகையில் ஒட்டுப்போடுவது சரியில்லை. சுவர்த் துளைகள் நன்றாக இருந்தால் அதே துளைக்குப் புதுப் பலகை செய்து மாட்டுங்கள்.

பலகைக்குப் பின்னால் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். கோட்டைத் தட்டிவிட்டால் மட்டும் போகாது. அது சுவரின் அடியிலிருந்து வருகிறது, நிலைப்படியையும் பாருங்கள்.

பெயிண்ட் பிசுபிசுக்கிறது, துண்டின் பஞ்சு ஒட்டுகிறது

எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஓரிரவில் வந்துவிடும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். மழை நாளில் இன்னும் கூடும். தடியாக ஒரே கையில் பூசினால் மேல் தோல் காய்ந்து அடி ஈரமாகவே இருக்கும். மெல்லிய இரண்டு கை, நடுவே ஒருநாள் இடைவெளி, 320 எண் உப்புத்தாள் ஒரு தடவல். ஒட்டிக்கொண்டே இருக்கும் பூச்சை விசிறி போட்டு இரண்டு வாரம் காயவிடுங்கள். அப்போதும் ஒட்டினால் உரித்துவிட வேண்டியதுதான்.

பரணில் கிடக்கும் பழைய பெயிண்ட் டின்னை இதற்கு எடுக்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சை டின்களில் ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். பிள்ளைகள் தும்பிக்கையைக் கடித்துப் பார்ப்பார்கள். டின்னில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டதை வாங்கினால் போதும்.

துண்டு காயவில்லை, நாற்றம் வருகிறது

70 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளமுள்ள 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) டர்க்கி டவல் உலர்ந்த நிலையிலேயே 440 கிராம். அதைத் தும்பிக்கையில் கொத்தாக மாட்டினால் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடுப்பகுதி மறுநாள் வரை ஈரமாக இருக்கும். எந்தக் கொக்கிக்கும் உள்ள குறை இது. பிள்ளைகளுக்கு ஈரிழைத் துண்டு கொடுங்கள். தும்பிக்கையில் தொங்கியபடியே காய்ந்துவிடும். பெரியவர்களின் டர்க்கி டவலுக்கு நான்கு யானையில் ஓரத்து இரண்டை மட்டும் வைத்து, நடுவே ஒரு எவர்சில்வர் கம்பி கொடுத்து விரித்துப் போடலாம்.

அந்தக் கம்பி தொய்ந்தால் நீளத்தைக் குறையுங்கள். ஒரே எடைக்கு 900 மி.மீ. கம்பி 600 மி.மீ. கம்பியைவிட மூன்று மடங்குக்கு மேல் தொய்யும். அதே அளவு அலுமினியக் குழாய் எவர்சில்வரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். பிவிசி குழாய் அதைவிட மிக மோசம்.

ஸ்டாண்டை மாற்றியும் நாற்றம் போகாவிட்டால் கோளாறு துண்டில். வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்துத் துவைத்து, நேர் வெயிலில் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுக்கு நிறுத்திவிடுங்கள். அது இழைமேல் படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் 20 நிமிடம் ஓடட்டும். பலகையின் பின்னால் கறுப்புப் பூஞ்சை இருந்தால் ப்ளீச்சிங் கலந்த தண்ணீரால் துடைக்கலாம். அன்றைக்கு அந்த அறையில் ஆசிட் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

பிள்ளை துண்டைத் தரையிலேயே போடுகிறது

யானையின் முகத்தைக் குறைசொல்லும் முன் உயரத்தை அளந்து பாருங்கள். பெரியவர்களின் உயரத்தில், 160 செ.மீ.யில் மாட்டிய தும்பிக்கை நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டாது. அந்த வயதில் உயரம் சுமார் 100 செ.மீ., கை நீட்டினால் 120 வரை. தும்பிக்கை 105 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருந்தால் எட்டும், தலைக்கும் சற்று மேலே இருக்கும். 90 செ.மீ.யில் வைத்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும், அது கூடாது. பிள்ளை வளர்ந்ததும் 105-ம் கண் மட்டத்துக்கு வரும் என்பதால் முனையில் அந்த 40 மி.மீ. உருண்டை எப்படியும் வேண்டும். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே பலகை என்று அடம்பிடிக்காமல் இரண்டு பலகையாகப் பிரித்து, மேலே பெரிய யானை, கீழே குட்டி யானை என்று வைப்பதே நல்லது.

துண்டு தரையைத் தொடுகிறதா என்பதும் கணக்குதான். 70க்கு 140 துண்டின் மூலையில் காது தைத்து மாட்டினால் மறுமூலை 156 செ.மீ. கீழே இறங்கும், 105 செ.மீ.யிலிருந்து அது தரையில் புரளும். நடுவில் பிடித்து மாட்டினால் 78 செ.மீ.தான் இறங்கும். ஆகவே காதைத் துண்டின் நட்ட நடுவே தையுங்கள். பருத்தி நாடாவை இரட்டையாக மடித்து, இரு முனையிலும் குறுக்குத் தையல் போட்டு, 40 மி.மீ. உருண்டை தாராளமாக நுழையும் அளவுக்கு வாய் விடுங்கள். நாடா குறுகலாக இருந்தால் பிள்ளை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுத் தரையில் போட்டுவிடும். யானையின் நிறத்திலேயே நாடாவும் இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் தன் துண்டைத் தன் யானையிடம் கொண்டுபோய் மாட்டும்.